புளிப்பு மண்ணில் ஒரு சீலைப் பை

“எங்க பொதைச்சீங்கன்னு கேட்டா—”

“சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன்ல—”

“—அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க!”

“—நீ தலைகீழா நின்னாலும் சொல்ல மாட்டேன்!”

நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் கடைசிக் காம்பிராவில் நேற்றிலிருந்து இதே பேச்சு. ஜீவன் கட்டிலில் கிடந்தான். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. அவன் மனைவி நிரஞ்சலா கையில் மண்வெட்டியோடு வாசலை மறித்து நின்றாள். தகரத்தில் மழை கொட்டியதால் இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“குழி வெட்டப் போயி காலை ஒடிச்சுக்கிட்ட ஆளு இந்தத் தோட்டத்துல நீங்க ஒருத்தர்தான்.”

“உன் கிட்னிக்காக ஒடிச்ச காலு. நக்கல் பண்ணாத.”

தோட்டத்து மருந்துச் சாலையில் இடுப்பு வலி என்றாலும் முழங்கால் வலி என்றாலும் கடதாசியில் மடித்து வலிக் குளிசை தருவார்கள். நிரஞ்சலா வாங்கி வாங்கி ஒரு சீலைப் பை நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். விடிந்ததும் பிளேன்டித் தேநீரோடு ஒன்று. பிறகுதான் பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேர் கொடுப்பாள். போன வாரம் பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார்: இனி ஒரு வலிக் குளிசை தொட்டாலும் கிட்னி தாங்காது. வீடு திரும்பிய அன்றே ஜீவன் பையைத் தூக்கிக்கொண்டு போய் எங்கோ புதைத்தான். திரும்பும்போது சேற்றில் சறுக்கி விழுந்தான்.

“பதுளையிலருந்து ஒரு புள்ள வந்துச்சே, றிப்தான்னு, தண்ணியைச் சோதிக்கப் போத்தல்ல புடிச்சுக்கிட்டுப் போக? நம்ம குடிதண்ணிப் பீலியில வச்சு அதுகிட்ட கேட்டேன்.”

“என்னத்தக் கேட்ட? என் பேரைச் சொன்னியா?”

“யாரோ பொதைச்சாங்கன்னு கேட்டேன். உங்க பேரைச் சொன்னா இந்த லயத்துல நம்மள உசுரோட விடுவாங்களா? பரசிட்டமோலை மண்ணுல உள்ள கிருமியே தின்னுருமாம். கொஞ்ச நாள்ல பெருசா ஒண்ணும் மிஞ்சாதாம். மத்த மாத்திரை, அந்த டைக்ளோபெனக்குத்தான் மோசமாம். தண்ணியில கரைஞ்சாலும் வெயில் பட்டா அழிஞ்சிருமாம். இருட்டுல கிடந்தா லேசுல அழியாதாம்.”

“அழியாட்டி கிடக்கட்டும்.”

“எங்க கிடக்கு? மேட்டுலதானே?”

“நீ மூச்சு வாங்காம ஏற முடியாத மேடு. தெரிஞ்சுதான் அங்க போனேன்.”

“அந்த மேட்டுத் தண்ணிதானே மனுசா பீலிக்கு எறங்குது!”

தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று பீலித் தொட்டிக்கு மேல் கொங்கிறீட் பலகை போட்டு மூடியதும் ஜீவன்தான். மண்ணுக்குள் இருட்டு. தொட்டிக்குள்ளும் இருட்டு.

“குடிச்சா… என்னவாகுமாம்?”

“ரொம்பக் கொஞ்சமாத்தான் வருமாம், உடனே ஒண்ணும் தெரியாதாம். ஆனா மீனுக்குக் கிட்னி கெட்டதைப் பாத்திருக்காங்களாம். ஏற்கெனவே கெட்ட கிட்னிக்கு என்னாகும்னு உறுதியா சொல்ல முடியாதுன்னுச்சு.”

“உன்கூட கொழுந்து எடுக்குற இராக்கம்மா அக்காவை அனுப்பு. எடம் சொல்றேன்.”

“அக்காவா? அதுக்கும் இடுப்பு வலி, பையோட வாயில கொட்டிக்கும். பக்கத்துக் காம்பிரா, எதிர்க் காம்பிரா, யாரை வேணா அனுப்புங்க. பெரட்டுக்குப் போற பொம்பளைக்குக் குளிசைக் குழியைக் காட்டினா மூடி வச்சுட்டா வருவா?”

“நீ மட்டும் என்ன செய்வ? அதைச் சொல்லு.”

“எடுத்து ஆஸ்பத்திரியில குடுக்கச் சொன்னுச்சு அந்தப் புள்ள. குடுத்துருவேன்.”

“இவ்வளவு மழையில ஊறினது குளிசையாவா இருக்கும்? சேறாத்தான் வரும்.”

“இல்லையாம்.” அவள் குரல் தணிந்தது. “தேயிலை மண்ணு புளிப்பாம். அந்த மாத்திரைக்கு மேல உள்ள பூச்சு புளிப்புல சீக்கிரம் கரையாதாம். இப்ப எடுத்தா பாதிக்கு மேல முழுசா இருக்குமாம்.”

“இதையும் கேட்டுக்கிட்டுத்தான் வந்தியா?”

அவள் மண்வெட்டியின் காம்பைத் துடைத்தாள்.

“நேத்தும் கொழுந்து குறைஞ்சு அரைநாள் பேருதாங்க போட்டாங்க. கை மேல தூக்க வரல. உங்க காலு இப்படி. என் பேரும் இல்லேன்னா தோட்டத்துல இந்தக் காம்பிராவை விட்டு வைப்பாங்களா?”

“அப்ப எடுத்துத் திம்ப.”

“திங்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“சொல்லாட்டி பீலித் தண்ணியில எல்லாருக்கும் சேத்து ஊத்துறீங்க. சொல்லிட்டா எனக்கு மட்டும். யோசிச்சுப் பாருங்க.”

அவன் யோசித்தான். கூரையைப் பார்த்தான், காலைப் பார்த்தான். பக்கத்துக் காம்பிராவில் யாரோ பீலியிலிருந்து கொண்டுவந்த குடத்தை இறக்கி வைத்தார்கள்.

“பழைய கவ்வாத்துல வெட்டிப் போட்ட தேயிலைக் கட்டைக் குவியலுக்குப் பின்னால. கல்லு வச்சிருக்கேன்.”

அவள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். மழையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அவன் சுவரைப் பிடித்து எழப் பார்த்தான். முடியாமல் மறுபடி சாய்ந்தான்.

வெகு நேரம் கழித்து மண்வெட்டி வெளிச்சுவரில் சாய்ந்தது. அவள் உள்ளே வராமல் சமையல் பக்கமாகச் சுற்றிப் போனாள். கட்டிலிலிருந்து பார்த்தால் நனைந்த முதுகு மட்டும் தெரிந்தது.

“கிடைச்சுதா?”

“ம்.”

“இங்க கொண்டா. என் கையில குடு.”

குடத்து மூடி நகர்ந்தது. சொம்பு ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது.

“நிரஞ்சலா, அந்தத் தண்ணி எதுக்கு?”