ஒரு பேன்ட்டுக்கு ஆறு முத்திரை

குளிர்காலத்தில் அலுவலகப் பெண்கள் எப்படி உடுத்த வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு உடை விஷயத்தில் பெரிய ஞானம் இருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பொது நிர்வாகப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண், அவ்வளவுதான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்த வருஷம் கட்டிடம் முழுவதும் ஹீட்டரைப் பத்தொன்பது டிகிரிக்கு இறக்கினார்கள். இறக்கிய கையோடு, உடையால் குளிரை வெல்வோம் என்று ஒரு சுற்றறிக்கை. ஆண்கள் கோட்டுக்குள் ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வென்றுவிட்டார்கள். மிச்சமிருந்தது நாங்கள்.

ஜப்பானின் வடக்கே, எங்கள் ஊர் மொரியோகாவில் ஜனவரி மாதம் கார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு சாவியைத் திருப்புவதற்குள் மறுபடி வெளுத்துப்போகும். எங்கள் நிறுவனம் தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வு செய்கிறது. குளிரில் குழாய் வெடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று முப்பது பக்கத்தில் கையேடு போட்டிருக்கிறோம். பெண்களுக்கு ஒரு பக்கம் போதும் என்று முடிவாகியிருந்தது.

எழுதினேன். கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் மூன்றையும் மூடுங்கள். சூட்டுப் பையை உள்சட்டையின் மேல், இடுப்புக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள்; தோலில் ஒட்டினால் பொசுங்கிவிடும். வேறு நிறுவனத்துக்குப் போகும்போது பனி கொட்டினாலும் மரியாதைக்கு வாசலுக்கு வெளியிலேயே கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மாதிரி நாலு வரி; எல்லாம் எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சமாசாரம். ஐந்தாவதாக ஒரு வரி எழுதினேன். அந்த வரிக்காகத்தான் இந்த வேலையையே ஏற்றுக்கொண்டேன்: 'வரவேற்பில் பணிபுரிபவர்கள் குளிர்காலத்தில் ஸ்கர்ட்டுக்குப் பதிலாகப் பேன்ட் அணியலாம்.'

வரவேற்பில் பணிபுரிபவர்கள் என்றால் ஒரே ஆள், நீசாத்தோ. தானியங்கிக் கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பாள். கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று முதலில் அவள் காலைத்தான் விசாரிக்கும். மாடியில் இருக்கும் நாங்கள் சொந்த உடையில் வரலாம், பேன்ட் போடலாம். அவளுக்கு மட்டும் சீருடை. கருநீல வெஸ்ட், முட்டிவரை ஸ்கர்ட், தோல் நிறத்தில் மெல்லிய ஸ்டாக்கிங்ஸ். தடித்த கறுப்பு ஸ்டாக்கிங்ஸ் வரவேற்புக்கு ஆகாது. யார் வைத்த சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

டிசம்பரில் ஒரு மதியம் உடை மாற்றும் அறைக்குப் போனபோது, இயந்திரத்தில் வாங்கிய சோள சூப் டின்னைக் குடிக்காமல் கால் விரல்களில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் சிவந்து வீங்கி, இரண்டு விரலில் தோல் வெடித்திருந்தது.

"டாக்டர்கிட்ட போனீங்களா?" என்று கேட்டேன்.

"போனேனே. ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சு, 'காலைச் சூடா வெச்சுக்கோங்க'ன்னு கண்டுபிடிச்சுச் சொன்னார்."

"சிரிக்காதீங்க. புண்ணு ஆறவே இல்லையே."

"மூணாவது குளிர்காலம் ஹோசோயா-சான். இனிமே இந்த ரெண்டு விரலும் தாங்காதுன்னார். அவரும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்."

"மேல யார்கிட்டயாவது சொல்லலாம்ல?"

"நானா? நான் ஒப்பந்தக்காரி. மார்ச்ல மறுபடி கையெழுத்துப் போடணும். கால் வலிக்குதுன்னு சொன்னா, 'அடடா, வீட்ல நல்லா ஓய்வெடுங்க'ன்னு அன்பா அனுப்பிடுவாங்க."

அதில் பொய்யில்லை. எங்கள் இடத்தில் கழுத்தை அறுப்பதென்றாலும் முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் அறுப்பார்கள்.

"நான் எழுதுறேன்," என்றேன். "பேப்பர்ல வந்துட்டா அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது." அவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

அந்த ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டம். ஆறு பேர் தங்கள் பெயர் பொறித்த முத்திரையை வைத்தால்தான் அச்சுக்குப் போகும். கீழே இருப்பவர்கள் தங்கள் முத்திரையைச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்துக் குனிந்து வணங்குவதுபோல் இருக்கும். முதல் கட்டத்தில் ஹோசோயா என்ற என் பெயரை அப்படிக் குனிய வைத்து அனுப்பினேன்.

அடுத்தவர் எங்கள் பிரிவுத் தலைவர் உச்சிதாதே. நல்ல மனிதர். வெளியூர் போனால் எல்லோருக்கும் இனிப்பு வாங்கி வருவார்.

"ரொம்ப நல்லா இருக்கு ஹோசோயா-சான். இந்த அஞ்சாவது வரி மட்டும்... 'தேவைப்பட்டால்'னு முன்னாடி ஒண்ணு போட்டா இன்னும் மெத்துனு இருக்கும்ல?"

போட்டேன். ஆள் சேர்ப்புப் பிரிவுக்காரர் 'மேலாளருடன் கலந்துபேசி' என்று சேர்த்தார். விற்பனைப் பிரிவுக்காரர் 'வாடிக்கையாளர் வரும் நாட்கள் நீங்கலாக' என்றார். வாடிக்கையாளர் வராத நாள் ஞாயிற்றுக்கிழமைதான். துறைத் தலைவர் தாமயாமா வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா இது, வழவழன்னு? பேசாம ஸ்டாக்கிங்ஸை ரெண்டாப் போட்டுக்கலாம்னு எழுதிட்டா முடிஞ்சது. என் வீட்டுக்காரி அப்படித்தான் போடறா. சும்மா கணகணன்னு இருக்காம்."

நிர்வாக இயக்குநர் படிக்காமலே முத்திரை வைத்தார். கடைசியில் என்னிடம் திரும்பி வந்தபோது ஐந்தாவது வரி, ஸ்டாக்கிங்ஸை இரண்டாக அணியலாம் என்று மாறியிருந்தது; பேன்ட் என்ற சொல்லே இல்லை. ஒருவராவது கூடாது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை. ஆளுக்கொரு நல்ல யோசனை சொன்னார்கள். வாசகம் மாறினால் எழுதியவர் புதிதாக முத்திரை வைக்க வேண்டும் என்பது முறை. வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை நான் கீழே இறங்கிய லிஃப்ட்டில், மாடியில் உடை மாற்றிவிட்டு வந்த நீசாத்தோ ஏறினாள். பின்னால் விற்பனைக்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"ஹோசோயா-சான், அந்தப் பேப்பர் என்னாச்சு?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஆறு முத்திரையும் விழுந்துடுச்சு. திங்கக்கிழமை எல்லார் கைக்கும் வந்துடும். ஆனா, அது கொஞ்சம்..."

'கொஞ்சம்' என்று இழுத்துத் தலையைச் சாய்த்தால் எங்கள் ஊரில் அது நடக்காது என்று அர்த்தம். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி ஒருவரை நோகடிக்காமல் இருக்கத்தான் அந்த இழுப்பு. இங்கே பிறந்த யாருக்கும் அது புரியும். ஆனால் ஆறு முத்திரை என்றதுமே அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதற்கப்புறம் நான் இழுத்தது அவள் காதில் ஏறவில்லை. கதவு திறந்ததும் ஆழக் குனிந்து வணங்கிவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடினாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரும்ப வைத்தேன். சோம்பல் இல்லை, பயம்.

திங்கட்கிழமை காலை அச்சான தாள்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால், நீசாத்தோ மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வெளியே வந்து நின்று காட்டினாள். கருநீலப் பேன்ட்.

"பாருங்க, வெஸ்ட்டுக்கும் இதுக்கும் நிறத்துல வித்தியாசமே தெரியல இல்ல? நாலு கடை ஏறி இறங்கினேன். நீளத்தை நானே மடிச்சுத் தெச்சேன். உள்ள பாதத்தையும் சேத்து மூடற கம்பளி லெக்கின்ஸ் வேற. இன்னைக்குதான் ஹோசோயா-சான், எனக்கு விரல் இருக்கிறதே ஞாபகம் வரல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ரொம்ப நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு, தாள்களை எழுத்து தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.

சற்று நேரத்தில் உச்சிதாதே என் மேசைக்கு வந்தார். கீழே அவளைப் பார்த்து வழக்கம்போல் வணக்கம் சொல்லி, பனியைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"பத்து மணிக்கு ஓசாக்காலேருந்து ஆளுங்க வர்றாங்க. நீசாத்தோ-சான் இன்னைக்கு என்னவோ... சுறுசுறுப்பான உடையில இருக்காங்களே."

"மேசை மறைக்குது தலைவரே. காலே தெரியாது."

"எழுந்து லிஃப்ட் வரைக்கும் கூட்டிட்டுப் போகணுமே."

"அது பத்தடி கூட இல்லையே!"

"எனக்குத் தெரியுதும்மா." அவர் நிஜமாகவே சங்கடப்பட்டார். "நான் போய் ஒரு பொம்பளை உடையைப் பத்திப் பேசினா நல்லாவா இருக்கும்? நீங்கதான் எழுதினவங்க. பொம்பளைக்குப் பொம்பளை, பக்குவமா ஒரு வார்த்தை..."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வாயிலிருந்து வந்தது "சரி" என்பது.

கீழே போய் ஒரு தாளை அவளிடம் நீட்டினேன். அவள் ஐந்தாவது வரியைப் படித்தாள், மறுபடி படித்தாள். தாளின் அடியில் 'எழுதியவர்' என்று என் பெயர் இருந்தது.

"லாக்கர்ல ஸ்கர்ட் இருக்கு," என்றாள். "ரெண்டு நிமிஷம் மேசையைப் பாத்துக்கச் சொல்லுங்க."

காவலாளியை மேசையருகே நிறுத்திவிட்டு நானும் பின்னாலேயே போனேன். கம்பளி லெக்கின்ஸை உரித்தபோது அது புண்ணில் ஒட்டிக்கொண்டு தோலோடு வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிளாஸ்திரி ஒட்டி முதல் ஸ்டாக்கிங்ஸைப் போட்டாள். இரண்டாவது வீங்கிய விரல்களுக்கு மேல் ஏறவில்லை. மணி ஒன்பது ஐம்பது. நான் மண்டியிட்டு அவள் பாதத்தை மடியில் வைத்து இழுத்துவிட்டேன். லாக்கர் கதவை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சூடு வரவில்லை. இறுக்கம்தான் வந்தது. ரத்தம் இரண்டு அடுக்குக்குள்ளும் பொட்டாய் ஊறி நின்றது. காலணிக்குள் நுழைத்ததும் மறைந்துவிட்டது.

ஓசாக்காக்காரர்கள் சரியாகப் பத்து மணிக்கு வந்தார்கள். நான் படிக்கட்டில் நின்று பார்த்தேன். நீசாத்தோ எழுந்து சிரித்த முகமாக முன்னே நடந்தாள். ஒரு அடியில்கூட நொண்டவில்லை. வந்தவர்கள் மூன்று பேரும் இந்தப் பக்கத்துப் பனி எவ்வளவு என்று பேசிக்கொண்டே போனார்கள். ஒருவரும் கீழே பார்க்கவில்லை.

லிஃப்ட் கதவு மூடியதும் அவள் என்னிடம் வந்தாள். கைகளை முன்னால் சேர்த்து, இடுப்பிலிருந்து குனிந்தாள்.

"நானா எதையோ நெனச்சுக்கிட்டு அவசரப்பட்டுட்டேன். உங்க பேர் போட்ட பேப்பர். உங்களுக்குச் சங்கடத்தை உண்டாக்கிட்டேன், மன்னிச்சுடுங்க."

தப்பு என்னுடையது, வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும் என்று தொண்டைவரை வந்தது. அவள் நிமிராமல் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். கதவு திறந்து தபால்காரர் நுழைந்தார், காற்று எங்கள் இருவர் காலிலும் அடித்தது.

"பரவாயில்ல," என்றேன்.

அவளை மன்னித்துவிட்டு மாடிக்கு ஏறினேன்.