தண்ணீர் இல்லாத இடத்துக் கப்பல்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். எங்கள் தபால் கந்தோருக்கு வருகிற யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள், சில்லறை இல்லாமல் அஜந்தாவின் கவுண்டருக்குப் போகாதே என்று. அப்படிப்பட்ட என்னைத்தான் கப்பலுக்குப் பெயர் வைக்க வா என்று தம்பி நிலோஜன் கூப்பிட்டான். அதுவும் உண்மையான கப்பல் இல்லை. கொம்பியூட்டர் விளையாட்டில் வான்வெளியில் ஓடுகிற கப்பல்.

இது 2007இல். கல்லடியில் றிஸ்லான், போன் பேசவும் இன்டர்நெட் பார்க்கவும் ஆட்கள் வருகிற ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருந்தான். காத்தான்குடிப் பொடியன், தம்பியின் கூட்டாளி. தம்பி அங்கேதான் வேலைக்கு நின்றான். வேலை முடிந்தால் இந்த விளையாட்டு. உலகம் முழுக்க ஆட்கள் இன்டர்நெட்டில் சேர்ந்து விளையாடுவார்களாம். ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வைக்க முடியாது, பெயர் இல்லாமல் கப்பல் கிளம்பவும் மாட்டாது.

மூன்று நாளாகப் பெயர் தேடிக்கொண்டிருந்தான். இடி, மின்னல், கடற்கன்னி, வானத்து ராசா என்று எதை இங்கிலீஷில் அடித்தாலும் சிவப்பில் ஒரு வரி வந்தது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கப்பல் ஓடுகிறது, வேறு பெயர் தருக. நான் போய்ப் பின்னால் நின்று, புலி கிலி என்று ஏதும் வைத்துத் தொலைக்காதே, சோதனைக்கு வருகிற ஆமிக்காரன் இது விளையாட்டா என்று விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டான் என்றேன். றிஸ்லான் சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை.

"அம்மாட பேர வைப்பமாக்கா?" என்றான்.

அம்மாவின் பெயர் அன்னப்பூரணி. அப்பாவின் வள்ளத்துக்கும் அதே பெயர்தான். சுனாமி வந்த காலையில் வள்ளமும் அம்மாவும் கரையில் நின்றார்கள். மூன்றாம் நாள் வள்ளம் வாவிக்குள் குப்புறக் கிடந்தது. அம்மா கிடைக்கவேயில்லை. பிறகு நிவாரணத்தில் ஒரு வள்ளம் தந்தார்கள். கூட்டாளிகள் எல்லாரும் தங்கள் வள்ளங்களுக்குப் பிள்ளைகளின் பெயரும் சாமிகளின் பெயரும் எழுத, அப்பா மட்டும் தந்தவர்கள் அடித்துவிட்ட இலக்கத்தோடேயே தொழிலுக்குப் போனார். அவளுடைய பெயரை இனித் தண்ணீரில் இறக்க மாட்டேன், வேறு பெயரும் எழுத மாட்டேன் என்று ஒரே பேச்சு.

அதைத்தான் நான் தம்பிக்குச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. கடையில் போன் பேசிக்கொண்டிருந்த பொம்பிளைகூடத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தக் கப்பல் போற இடத்தில தண்ணியே இல்லக்கா," என்றான் தம்பி.

அவன் ஒவ்வோர் எழுத்தாக அடித்தான். சிவப்பு வரி வரவில்லை. உலகத்தில் வேறு ஒருவருக்கும் அந்தப் பெயர் தேவைப்பட்டிருக்கவில்லை. அன்னப்பூரணி கிளம்பி நட்சத்திரங்களுக்குள் போனாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோறு ஆறுது, வந்து தின்னு என்று அவனை ஏசினேன்.

அடுத்த வருஷம் ஆனி மாதம், கடையிலிருந்து சைக்கிளில் வந்தவனை வழியில் ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று தெரியாது. அந்த நாளில் யாரும் கேட்கவும் மாட்டார்கள். சைக்கிள் விழுந்து கிடக்கவில்லை, வேலியில் கவனமாகச் சாத்தி வைத்திருந்தது. கொண்டுபோனவர்களில் ஒருவன்தான் அதைச் சாத்தியிருக்க வேண்டும். அவனை இன்றைக்குக் கண்டாலும் நான் கேட்க நினைப்பது அந்தச் சைக்கிளைப் பற்றித்தான்.

பொலிசுக்குப் போனேன், ஆமி முகாம்களுக்குப் போனேன், போன இடமெல்லாம் சத்தம் போட்டேன். என் கோபத்துக்கு ஒரு இடத்திலும் மதிப்பில்லை. அப்பா சாப்பாட்டை விட்டுவிட்டார். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு அப்படியே கீழே வைப்பார். மனிதர் என் கண் முன்னாலேயே வற்றிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் வாரம், தம்பியின் சேர்ட் ஒன்று கடையில் கிடக்கிறது என்று எடுக்கப் போனேன். அந்த விளையாட்டைத் திறந்து பார்க்க ஆசையாக இருந்தது. அவனுடைய கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. அதனால் புதுக் கப்பல் கேட்கிறவள் போல அம்மாவின் பெயரை அடித்தேன். சிவப்பு வரி வந்தது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கப்பல் ஓடுகிறது.

ஓடுகிறதா என்று றிஸ்லானைக் கேட்டேன். அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். நான் தலை வாரிப் பத்து நாள் இருக்கும்.

"ஆள் வராட்டி பேர எடுத்திருவாங்க அக்கா," என்றான் மெதுவாக. "பேர் இன்னும் இரிக்கி எண்டா..."

மீதியை நான் கேட்கவில்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சொன்னேன். தப்பிவிட்டான், எங்கேயோ வெளிநாட்டில் நிற்கிறான், போன் எடுத்தால் ஒட்டுக்கேட்பார்கள் என்று பயத்தில் இருக்கிறான், ஆனால் வந்து கப்பலை ஓட்டிவிட்டுப் போகிறான். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அப்பா நாலு வாய் சோறு தின்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் கந்தோர் விட்டதும் றிஸ்லானின் கடை. பெயரை அடிப்பேன், சிவப்பு வரி வரும், சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அப்பா வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருப்பார். என்ன சொல்லுது என்று கேட்பார். ஓடுது அப்பா என்பேன். உடனே எழும்பிக் கை கழுவுவார்.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது. பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். வன்னியிலிருந்து வந்து முகாம்களில் இருந்தவர்களின் பட்டியல்களில், காணாமல்போன தங்கள் பிள்ளைகளின் பெயர்களை ஆட்கள் தேடி அலைந்தார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். நான் போகவில்லை. என் தம்பியின் சங்கதி எனக்குத் தெரியும் என்ற திமிர். பிள்ளையைத் தேடி அழுகிற தாய்மார்களுக்கு முன்னால் நான் அப்படி நிமிர்ந்து திரிந்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதற்கடுத்த மாதம் ஒரு வெள்ளி. பெயரை அடித்தேன். பச்சையில் ஒரு வரி வந்தது. நல்ல பெயர். இந்தக் கப்பல் உங்களுக்குரியது, உறுதிசெய்க.

எழுத்துப் பிழையோ என்று அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன். பச்சைதான். றிஸ்லானைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவன் சுவரிலிருந்த கலண்டரைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"ஒரு வருஷம் ஆள் வராட்டித்தான் பேர எடுப்பாங்க அக்கா," என்றான். "அதுவரைக்கும் அது சும்மா இரிக்கும்."

கையிலிருந்த குடையால் மேசையில் ஓங்கி அடித்தேன். ஒரு வருஷமாக என்னைப் பைத்தியக்காரியாக்கினாயா, உனக்கு முதலே தெரியும்தானே என்று கத்தினேன். அவன் பின்னால் நகரவில்லை.

"அண்டைக்கு உங்கட முகத்தப் பார்த்து எப்பிடிச் சொல்லுற? பிறகு ஒவ்வொரு வெள்ளியும் சொல்லணும் எண்டுதான் இருந்தன். நீங்க சிரிச்சிட்டுப் போவீங்க. அவன் எனக்கும் கூட்டாளிதானே அக்கா."

எனக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆள் வராத பதிவுத் தபாலை நானும் நாள் கணக்கு வைத்து எடுத்து வைக்கிறேன். நாள் முடிந்ததும் என் கையாலேயே முத்திரை குத்தித் திருப்பி அனுப்புகிறேன். கடிதம் கந்தோரில் இருக்கிறது என்பதற்காக ஆள் இருக்கிறான் என்று எவளாவது சொல்லுவாளா? நான் சொன்னேன். ஒரு வருஷம் முழுக்கச் சொன்னேன். என் தம்பி செத்துப்போயிருப்பான் என்று அந்தக் கதிரையில் குந்தியிருந்துதான் முதன்முதலாக நினைத்தேன்.

விடுங்க அக்கா, மூடுவம் என்று றிஸ்லான் கையை நீட்டினான். தட்டிவிட்டேன். மூடினால் நாளைக்கு எவனோ வந்து அம்மாவின் பெயரை எடுப்பான். அது ஒன்று. இன்னொன்று, ஒருவேளை, ஆயிரத்தில் ஒருவேளை, அவன் எங்கேயாவது இருந்து, என்றைக்காவது ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தி அம்மாவின் பெயரை அடித்தால்? பச்சை வந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை என்று நினைத்துவிடுவான். சிவப்பு வந்தால் அவனுக்கு விளங்கும். உலகத்தில் வேறு யாருக்கு அந்தப் பெயர் வேண்டும்?

உறுதிசெய்தேன். பழைய கப்பல் மாதிரியே ஒன்று வந்து நின்றது. ஓட்டத் தெரியாது. எந்தப் பட்டனை அமத்துவது என்று றிஸ்லான் காட்டினான். கண்ணீரில் திரை சரியாகத் தெரியவில்லை, இருந்தாலும் கொஞ்சத் தூரம் ஓட்டினேன். வருஷத்துக்கு ஒருமுறையாவது வந்து ஓட்டினால் போதும் என்றான் அவன். நான் வெள்ளிக்கு வெள்ளி வருவேன் என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

வாசலில் அப்பா வலையோடு இருந்தார். முகத்தை வாய்க்கால் தண்ணீரில் கழுவிக்கொண்டுதான் போயிருந்தேன்.

"என்ன சொல்லுது புள்ள?"

"ஓடுது அப்பா."

வலையைச் சுருட்டி வைத்துவிட்டு எழும்பிக் கை கழுவினார். நான் சோறு போட்டேன். இரண்டு வாய் தின்றுவிட்டு, குழம்பு கொஞ்சம் விடச் சொன்னார்.