பீரங்கிகள் திரும்பிய திசை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த ஊரிலிருந்த ரிமோட்டில் ஓடும் பொம்மைப் போர்க்கப்பல்கள் அத்தனையும் தங்கள் பீரங்கிகளை ஒரு அண்ணன்காரன் நின்ற பக்கமாகத் திருப்பிக்கொண்டன. அதன் பிறகு ஏழெட்டு வருடம் அவை வேறெதையும் பார்க்கவில்லை. குளத்தில் மிதந்தவை மட்டுமல்ல, அலமாரிமேல் ஏறி உட்கார்ந்திருந்தவை, பேட்டரி கழற்றிப் பெட்டிக்குள் வைத்தவை, உடைந்து கட்டிலடியில் கிடந்தவை எல்லாமே. அவன் கடைக்குப் போனால் அவை கடையைப் பார்த்தன. குளிக்கப் போனால் குளியலறையைப் பார்த்தன. முதல் வாரம் ஊர் இதைப் பற்றியே பேசியது. அடுத்த வாரம் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசியது. அவன் பெண்டாட்டிக்கு மட்டும் இதில் ஒரு சௌகரியம் இருந்தது. "கடையிலதான் இருக்கேன்" என்று அவன் போனில் சொன்னால், கூடத்துக் கப்பலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சீட்டாடுற எடத்துல எப்போ கடை வச்சீங்க?" என்று கேட்பாள்.

அவனுக்கு ஒரு கடை இருந்தது. முன்வாசலில், போர்க்கப்பல்கள் செய்தும் பழுது பார்த்தும் தரப்படும் என்ற பலகை. அதற்குக் கீழே அவன் பெயர். வேலை பின்னறையில் நடந்தது. செய்தவள் தங்கை. மெல்லிய பலகையை ஆவியில் காட்டி வளைப்பது, உள்ளே துணி ஒட்டிப் பிசின் பூசுவது, சுக்கான் மோட்டாருக்கு ஒயர் பற்றவைப்பது, கடைசியில் குளியல் தொட்டியில் மிதக்கவிட்டு, சாயாமல் நிற்கும்வரை ஈயத் துண்டுகளை அங்கேயும் இங்கேயும் நகர்த்துவது எல்லாம் அவள் கை. அண்ணன்காரன் துண்டால் துடைத்து, "கொஞ்சம் சிக்கலான கேஸ்தான், எப்படியோ முடிச்சுட்டேன்" என்று வாடிக்கையாளரிடம் நீட்டுவான். அவள் முடுக்கிய ஸ்க்ரூவின் தலைக்கோடு எப்போதும் கப்பலின் நீளவாக்கிலேயே நிற்கும். எந்தக் கப்பலைத் திறந்தாலும் அந்தக் கோடுகள் வரிசையாக இருக்கும். அண்ணன்காரனுக்கோ ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதே சந்தேகம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை.

அவள் தனக்கென்று ஒன்றே ஒன்று செய்தாள். ஒரு ஆள் படுக்கும் நீளத்துக்கு ஒரு பெரிய போர்க்கப்பல். மற்றவர்களின் ஓட்டைகளை அடைத்துவிட்டு மிச்சமிருந்த நேரத்தில், தகடு தகடாக, வருடக்கணக்கில் செய்தாள். ஊர்க் கப்பல் போட்டி நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் குளத்தில் இறக்கியவன் அண்ணன். கப்பல் தண்ணீரில் கோடு கிழித்ததுபோல் போனது. குளக்கரை கைதட்டியது. மைக்கில், "இதைச் செஞ்சது யாரு?" என்று கேட்டார்கள். தங்கை கையில் துண்டோடு படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். "நான்தான்" என்றான் அவன். சொன்ன வேகத்தில் கோப்பையை வாங்கப் போனவன், கையிலிருந்த ரிமோட்டை அணைத்துவிட்டான். முதலில் கப்பலை அணைக்க வேண்டும், பிறகுதான் ரிமோட்டை. ஒரே ஒரு கப்பல் செய்தவன்கூட இதைத் தூக்கத்திலும் மறக்கமாட்டான். கேட்க ஆளில்லாத கப்பல் முழு வேகத்தில் போய்க் கல்படியில் மோதி, மூக்கு பிளந்து நின்றது. அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவர் இருமினார், அவ்வளவுதான். அண்ணன்காரன் அதைத் தூக்கிவந்து அவள் கையில் வைத்து, "சீக்கிரம் சரி பண்ணு, போட்டோ எடுக்கணும்" என்றான். பீரங்கிகள் திரும்பியது அப்போதுதான்.

அவளுக்கு வந்த கோபம் கத்துகிற கோபமில்லை. பெரிய கப்பலை மூக்கு பிளந்தபடியே பட்டறை மேஜைமேல் வைத்தாள். தொடவில்லை.

"கூடப்பிறந்தவன்தானேடி, விட்டுக்குடு. பேரு யாருக்கு வந்தா என்ன, நம்ம வீட்டுக்குத்தானே?" என்றாள் அம்மா.

"அப்போ அடுத்த கப்பலை அவனையே செய்யச் சொல்லும்மா. அதுவும் நம்ம வீட்டுக்குத்தானே."

அவள் கேட்டது ஒன்றுதான். அதே குளக்கரையில், அதே மைக்கில், இது என் தங்கச்சி செய்தது என்று அவன் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். உயிர் போனாலும் சொல்லமாட்டேன் என்றான் அவன். வடக்கே மாமனார் ஊருக்கு ஓடிப்போய்ச் சில மாதம் இருந்தான். பீரங்கிகள் எல்லாம் வடக்கே பார்த்து நின்றன. வழி தவறிய லாரிக்காரர்களுக்கு அது உதவியது. புதிதாகப் பெட்டி பிரித்த கப்பல்களும் தண்ணீர் பட்டதும் வடக்கே திரும்பின. மாமனார் வீட்டுச் சாப்பாடு அலுத்ததும் அவன் திரும்பிவந்தான். பீரங்கிகளும் அவனோடு ஊருக்குள் திரும்பின.

கஷ்டம் போட்டிக்குத்தான். பீரங்கியைத் திருப்பிக் குறிவைக்க முடியாத போர்க்கப்பலை வைத்து என்ன செய்வது? வருடா வருடம் வெளியூர்க்காரர்கள் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். கப்பல் சங்கத்தின் தலைவரான பல் டாக்டர் கடைசியில் பொறுமை இழந்தார். "சொல்லித் தொலையேன்யா. உன் ஒருத்தனால எங்க எல்லாருக்கும் தலைகுனிவு" என்றார். எல்லாரும் ஆமாம் போட்டார்கள். பார்க்கிற இடமெல்லாம் பீரங்கிக் குழாயைப் பார்த்துப் பார்த்து அண்ணன்காரனும் இளைத்துத் துரும்பாகிவிட்டிருந்தான்.

அடுத்த போட்டியன்று குளக்கரை நிரம்பி வழிந்தது. அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. தங்கை பெரிய கப்பலைப் பிளந்த மூக்கோடு, ஓட்டையில் மெழுகுத்துணியைத் திணித்துத் தண்ணீரில் விட்டாள். அவன் மைக்கைப் பிடித்தான். "இது என் தங்கச்சி செஞ்சது. எல்லாக் கப்பலும் அவ செஞ்சதுதான். நான் ஒண்ணுமே செஞ்சதில்ல" என்றான். அழுதான் என்றும் சொல்கிறார்கள்.

பீரங்கிகள் அவனை விட்டன. குளக்கரை முழுக்கப் பெருமூச்சு விட்டது. சிலர் கைதட்டவும் ஆரம்பித்தார்கள். ஆனால் பீரங்கிகள் நேராகப் போய் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் நிதானமாகச் சுற்றி, கரையில் ஒவ்வொருவரைத் தேடிப்பிடித்து நின்றது. தன் கப்பலைத் திறந்து ஸ்க்ரூ கோடுகளைப் பார்த்தவர்கள், பின்னறையில் அரம் ராவும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முன்னறையில் அண்ணன்காரனுக்கு நன்றி சொன்னவர்கள், அன்றைக்கு இருமியவர், ஒருவர் பாக்கியில்லை. முழுப் பூசணிக்காயை ஒருத்தன் தனியாகச் சோற்றில் மறைத்துவிட முடியுமா? பெரிய கப்பலின் முன்பீரங்கி அம்மாவைப் பார்த்தது. அம்மா நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள். பீரங்கியும் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு அவள் நகர்த்தவில்லை.

போட்டி விதிகளை மாற்றி, இப்போது வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் தருகிறார்கள். கடைப் பலகையில் தங்கையின் பெயர் இருக்கிறது. அவள் முன்னறைக்கு மேஜையை மாற்றிக்கொண்டாள். அண்ணன்காரன் பசங்களோடு குளத்தங்கரையில் நிம்மதியாகத் தூண்டில் போடுகிறான். சென்ற மாதம் பல் டாக்டர் தன் கப்பலைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தார். தூக்கிவந்த வழியெல்லாம் அது அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிட முடியாதாம்மா?" என்றார்.

அவள் மேல்தட்டைக் கழற்றி, மோட்டாரைப் பார்த்து, பல்சக்கரங்களை விரலால் சுற்றிப் பார்த்து, ஸ்க்ரூக்களை மறுபடி முடுக்கினாள். கோடுகள் நேராக நின்றன.

"மோட்டார்ல ஒரு கோளாறும் இல்ல சார்" என்றாள்.

அவர் தலையாட்டினார். பின்பக்கம் லேசாக ஒழுகுகிறது, அதையாவது பார்த்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டார்.