திருடாத ராஜா

அரசாங்கத் தானியக் கிடங்குகளைக் கட்டி ஆண்ட அதிகாரிக்கு, ஓய்வு பெற்றபின் ஆள்வதற்கு வீடு ஒன்றுதான் மிச்சம். அங்கே குடிமக்கள் மூன்றே பேர்: மனைவி, மகன், மருமகள். மூவரும் படாத பாடு பட்டார்கள். எண்ணெய் டப்பா எந்தத் தட்டில் இருக்க வேண்டும், செருப்பு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று காலையில் ஓர் ஆணை பிறக்கும், சாயங்காலம் அதற்கு ஒரு திருத்தம் வரும். மனைவி எல்லாவற்றுக்கும் "நீங்க சொன்னா சரிதான்" என்பாள். மகன் ஆபீசைச் சாக்குச் சொல்லிக் கம்பி நீட்டிவிடுவான். வீட்டிலிருந்தே வேலை பார்த்ததால் வசமாக மாட்டிக்கொண்டது மருமகள்தான்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனியில் வேலை. கோட்டை கட்டி, படை திரட்டி, பக்கத்து ராஜ்யத்தைப் பிடிக்கிற விளையாட்டு. அதில் கம்ப்யூட்டரே ஆடுகிற எதிரி ராஜா என்ன செய்வான், எப்போது செய்வான் என்று எழுதுவது அவள் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால் ராஜாவுக்கு மூளை வைப்பவள். மூளை வைப்பவளுக்கு ஒரு மேசை வைக்கத்தான் வீட்டில் இடமில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவாள், தட்டு வந்தால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். மாடி அறையைக் கேட்டுப் பார்த்தாள். அங்கே தன் பழைய ஆபீஸ் கோப்புகள் இருப்பதாகச் சொல்லிவிட்டார் அதிகாரி. அரசாங்கம் எந்த நேரமும் கூப்பிட்டு விளக்கம் கேட்கலாமாம். அதுவரை அரசாங்கம் அவரைக் கூப்பிட்டதாகத் தகவல் இல்லை.

தன் தலை தப்பினால் போதும் என்றுதான் மருமகள் அந்த விளையாட்டைக் கூடத்துக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். முதலில் அதிகாரி மூக்கைச் சுளித்தார். அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டாலும் காது கேட்கவில்லை. 'எளிது' என்ற நிலையில் வெளுத்து வாங்கினார். 'நடுத்தரம்' என்பதையும் ஊதித் தள்ளினார். 'கடினம்' என்ற நிலையில் மட்டும் அவர் பருப்பு வேகவில்லை.

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அந்த எதிரி ராஜா, அதாவது அவர் வாய்ப்படி 'பக்கத்து நாட்டான்', வடிகட்டின முட்டாள். எப்போதும் அதே வாசலுக்கு, அதே போல ஒரு கைப்பிடி ஆட்களை அனுப்புவான். மதில் மேலிருந்து வில்லாளிகள் அவர்களைத் தீர்த்துக்கட்டுவார்கள். அடுத்து இன்னொரு கைப்பிடி வரும். செத்தவர்களைப் பார்த்தும் புத்தி வராது. ஆனால் ஆள் மட்டும் தீரவே தீராது. கடைசியில் அதிகாரியின் அம்புதான் தீர்ந்துபோகும்.

கிடங்கு பார்த்த கண் சும்மா இருக்குமா? ஒற்றனை அனுப்பி எதிரியின் வயல்களைப் பார்த்துவரச் செய்தார். கையும் களவுமாகப் பிடிபட்டான் பக்கத்து நாட்டான். அன்றே கூடத்தில் விசாரணை நடந்தது. மருமகள் நின்றாள், அதிகாரி உட்கார்ந்தார்.

"அவன்கிட்ட இருக்கிற வயல் ஒரு கோழிப்பண்ணைக்குக் காணாது. அவ்வளவு பெரிய படைக்குச் சாப்பாடு எங்கேருந்தும்மா வருது?"

மருமகள் மென்று விழுங்கினாள். பிறகு உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"கடினம்னா புத்திசாலின்னு அர்த்தமில்ல மாமா. அதே மூளைதான். தானியத்தை மட்டும் சும்மா குடுத்துட்டே இருப்போம்."

அதே மூளையோடு ஒதுக்கீடு மட்டும் கூடிக் கூடி உச்சிக்குப் போனவர்களை அதிகாரி தன் இலாகாவில் நிறையப் பார்த்திருந்தார். அவர்கள் எல்லோரையும் திட்டியிருக்கிறார், தன்னைத் தவிர. ஆனாலும் தான் தோற்றது திறமையிடம் அல்ல, திருட்டிடம் என்று தெரிந்ததில் தலைகால் புரியாத சந்தோஷம். அன்று சாப்பிடும்போது எல்லோர் முன்னிலையிலும் சவால் விட்டார்.

"திருடாத ராஜா ஒருத்தனைக் கொண்டு வாம்மா. அவன் என்னை ஜெயிச்சா மாடி ரூம் உனக்கு. நான் ஜெயிச்சா ரூம் பேச்சையே இந்த வீட்ல எடுக்கக் கூடாது."

மருமகள் சரி என்றாள். மகன் தட்டைப் பார்த்தான். மனைவி, நீங்கள் சொன்னால் சரிதான் என்றபடி அவருக்கு இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

புது ராஜா அவ்வளவு சீக்கிரம் வந்துவிடவில்லை. மருமகள் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். பாதி நேரம் சமையலறை வாசலில் நின்று மாமியாரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். இப்போதே சிபாரிசு பிடிக்கிறாள் என்று அதிகாரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

ஒரு விடுமுறை நாளில் ஆட்டம் தொடங்கியது. மகன் நாற்காலி போட்டுப் பின்னால் உட்கார்ந்தான். அதிகாரி எடுத்த எடுப்பிலேயே மிரட்டிப் பார்த்தார்: கப்பம் கட்டு. பக்கத்து நாட்டான் மறுபேச்சில்லாமல் கட்டினான், மந்தை மந்தையாக ஆடுகளாக. எல்லைக் காவல் கோபுரத்தை இடி என்றார். இடித்தான். எல்லைக் காட்டைக் கொடு என்றார். அதையும் கொடுத்தான். இவனெல்லாம் ஒரு ராஜாவா என்று அதிகாரி மகனைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார்.

காட்டைக் காக்க ஆள் போட வேண்டியிருந்தது. படையில் பாதி அங்கே போயிற்று. ஆடுகளுக்குத் தீனி வேண்டியிருந்தது. கோட்டைக் களஞ்சியத்திலிருந்து போட்டார். இன்னும் கப்பம் கேட்டார், இன்னும் ஆடுகள் வந்தன. சுதாரித்துக்கொண்டு பார்த்தபோது களஞ்சியம் காற்று வாங்கியது. ஆயுள் முழுக்கக் கிடங்கு பார்த்தவருடைய களஞ்சியம்! ஆடுகளை அறுக்க உத்தரவு போடுவதற்குள் பசித்த குடியானவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டத் தொடங்கியிருந்தார்கள். அங்கே சாப்பாடு இருந்தது. குடியானவர்களுக்குப் பின்னால் வில்லாளிகள் போனார்கள். கடைசியில் வாசல் காவலன் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனான்.

ஓர் அம்புகூடப் பறக்கவில்லை. சரணடையச் சொல்லி அதிகாரி பக்கத்து நாட்டானுக்கு வெறும் கோட்டையிலிருந்து கடைசியாக ஓர் ஆணை அனுப்பினார். திரையில் பதில் வந்தது: 'நீங்கள் சொன்னால் சரிதான்.'

அதிகாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதில் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு ஆணைக்கும் வந்துகொண்டிருந்தது. இப்போதுதான் அவர் அதைப் படித்தார். மெல்லத் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"இவனுக்கு யாரைப் பார்த்து மூளை வெச்சே?"

மருமகளின் கண் சமையலறைப் பக்கம் போய்வந்தது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது.

என்னதான் இருந்தாலும் அதிகாரி சொன்ன சொல் மாறாதவர். எழுந்து மாடிக்குப் போனார். கோப்புகளைத் தன் கையாலேயே கட்டி இறக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அது ஒன்றாவது கௌரவமாக நடக்கட்டும் என்று நினைத்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் அந்தப் படி ஏறியதே இல்லை. கோப்பு ஏதாவது வேண்டும் என்பார், எடுத்து வைக்கிறேன் என்பாள் மனைவி, அவரும் மறந்துபோவார்.

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே ஒரு கோப்பும் இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, வெளிச்சம் விழும் பக்கமாக ஒரு மேசையும் நாற்காலியும் போட்டிருந்தது. மேசையில் தூசி துடைத்திருந்தது. இதையெல்லாம் இன்று நேற்றுச் செய்ததாகத் தெரியவில்லை.

அவர் மேல்படியில் வந்து நின்றார். கீழே மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். பக்கத்தில் மருமகள் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள். அந்த அறை அவளுக்கும் புதுச் செய்திதான்.

"ஃபைலெல்லாம் எங்கே?"

"கரையான் ஏறிடுச்சுங்க. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். நீங்களா மனசு வெச்சு ரூமைக் குடுக்கணும்னுதான் சொல்லல."

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார், வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தான் போட்ட ஆணைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வீடு வாங்கியது, மகன் படிப்பு, இந்த மருமகளைத் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுத்தது யார் என்று இப்போது அவருக்கே சந்தேகமாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் நிஜமா ஜெயிச்சது ஒண்ணாவது உண்டா?"

மனைவி அவரை ஏமாற்ற நினைக்கவில்லை. தலையைச் சாய்த்து உண்மையாகவே யோசித்தாள்.

"இருங்க," என்றாள் கடைசியில். "சட்டுனு ஒண்ணும் ஞாபகம் வரல. சாப்பிட்டுட்டு யோசிச்சுச் சொல்றேன்."