முட்டை போடாத பலகாரம்

வாளியின் மூடியைத் திறந்த செல்வமலருக்குக் கை ஓடவில்லை. மூடியில் ஒரு பன்றி சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று கொழுப்பு.

மொன்றியலில் அந்த ஸ்பானியப் பலகாரக் கடையில் சேர்ந்து ஏழு மாதமாகிறது. சுரோ என்ற பொரித்த பலகாரத்துக்குச் சீனி தூவுவதும் பெட்டி அடுக்குவதும்தான் அவளுடைய வேலை. கடைக்காரி பிலார் விடியமுன் வந்து தானே மா குழைத்துவிடுவாள். இன்று அவளுக்குத் தோள்மூட்டு வலி. "நீயே குழை" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு முன்னுக்குப் போய்விட்டாள்.

நத்தார்ப் பண்டிகை நெருங்க பொல்வொரோன்தான் நன்றாக விலைப்படும். வறுத்த மாவும் பாதாமும் சீனியும் சேர்ந்த சின்ன வில்லை, மெல்லிய தாளில் சுற்றியிருக்கும். தாளோடு சேர்த்து உள்ளங்கையில் ஒருதரம் அழுத்திவிட்டுத்தான் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும் என்று பிலார் பழக்கியிருந்தாள். போன கிழமை செல்வமலர் அவளிடம் கேட்டாள், இதற்கு முட்டை போடுவாயா என்று. இல்லவே இல்லை என்றாள் பிலார். எங்கள் சனத்துக்கு அந்த ஒரு கேள்வி போதும். முட்டை இல்லையென்றால் சைவம், முடிந்தது கதை. அதைக் குழைக்கும் கொழுப்பைப் பற்றி யார் கேட்டார்கள்?

நேற்று அதில் ஒரு பெட்டியைக் கணவன் இரவிச்சந்திரனிடம் கொடுத்து, ரொக்ஸ்பரோவில் இருக்கும் அவனுடைய தமக்கை சிவநேசத்துக்கு அனுப்பியிருந்தாள். 'மச்சாள், முட்டை போடாதது. பாறணைக்குச் சாப்பிடுங்கோ' என்று சீட்டும் எழுதி வைத்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு மச்சாளுக்கு அவள் சொன்ன முதல் வார்த்தை அது. சிவநேசத்தின் மகன் அனுஜனின் கல்யாணத்தில் ஆரத்தி எடுக்கத் தன்னைக் கூப்பிடவில்லை என்று சாப்பிடாமல் எழுந்து வந்தவள் செல்வமலர். அதற்குப் பிறகு பேச்சில்லை. அனுஜனுக்கு ஒரு பிள்ளை வேண்டுமென்று சிவநேசம் கந்தசஷ்டி பிடித்து இது ஆறாவது வருடம், கடைசி வருடம். மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் செல்வமலரின் மனம் இளகிவிட்டது. ஆறு நாள் விரதம் இருந்தவள் இன்று காலை பாறணை செய்து விரதத்தை முடிக்கிறாள்.

மூன்று தரம் அடித்தும் சிவநேசம் போனை எடுக்கவில்லை. வீட்டில் அவசரம் என்று பிலாரிடம் சொல்லிவிட்டு ஓடினாள். மெட்ரோவில் இடமிருந்தும் இருக்க முடியவில்லை. இறங்கி ஏறிய பஸ், இன்றைக்கென்று பார்த்து ஒவ்வொரு தரிப்பிலும் நின்றது. அதில் பன்றிக் கொழுப்பு என்று சொன்னால், பழி தீர்க்க வேண்டுமென்றே செய்தாள் என்று மச்சாள் நினைப்பாள். மருமகளின் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால் காலம் முழுக்க அந்தப் பழிச்சொல் நிற்கும். சொல்லாவிட்டால் முருகனுக்கு மட்டும்தான் தெரியும். தனக்கும் தெரியும் என்பதுதான் கரைச்சல். பேசாமல் திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் எழுந்து, இரண்டு தரமும் இருந்தாள்.

கதவைத் திறந்த சிவநேசம் பாதியாய் மெலிந்திருந்தாள். நெற்றி நிறைய விபூதி.

"வா மலர். கோயிலாலை இப்பதான் வந்தனான். மூண்டு தரம் அடிச்சிருக்கிறாய், வருவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"சாப்பிட்டிட்டியளோ மச்சாள்?"

"நீ வராமல் எப்பிடி?"

சாமித்தட்டில் இருந்த வேலுக்கு முன்னால் பெட்டி திறந்திருந்தது. பக்கத்தில் அவளுடைய சீட்டும் இருந்தது. அதன்மேல் ஒரு செவ்வந்திப் பூ.

"அண்டைக்கு நீ சாப்பிடாமல் போனது இண்டுவரைக்கும் எனக்குச் செமிக்கேல்லை" என்றாள் சிவநேசம். "உன்ரை கையாலை ஒண்டு தா. அதோடைதான் விரதத்தை முடிப்பன்."

பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். செல்வமலர் ஒன்றை எடுத்தாள். தாளோடு உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். அழுத்திய கையை விடவில்லை. இன்னும் இறுக்கினாள். தாள் கிழிந்து, வெள்ளை மா விரலிடுக்கால் நிலத்தில் கொட்டியது.

"மச்சாள், இதிலை முட்டை இல்லைத்தான்..." என்று தொடங்கினாள்.

சிவநேசத்தின் கைகள் நீட்டினபடியே இருந்தன.