ஸ்தானிச் வீட்டுப் பிள்ளைகள்

நாலாவதும் பெண்ணாகப் பிறந்த ஆத்திரத்தில், இதோடு நிற்கட்டும் என்று ஒப்ராத் அவளுக்கு ஸ்தானா, அவர்கள் மொழியில் 'நில்', என்று பேர் வைத்தார். அடுத்துப் பிறந்த ஒரே மகன் வாரிசில்லாமல் செத்துப்போக, இன்று பிளம் சாராயக் குப்பியோடு ஸ்தானாவின் வாசலுக்கு வந்திருந்தார்.

"உன் பசங்கள்ல ஒருத்தனை எனக்குக் குடுத்துடும்மா. என் பேர் சொல்ல ஆள் வேணும்."

ஸ்தானா குப்பியைத் தொடவில்லை. "என் புருஷன் சாவுக்குக்கூட எட்டிப் பாக்கல. இப்ப வழி தெரிஞ்சுதா? தனியா நின்னு வளத்தேன். ஊரே அவங்களை ஸ்தானிச்னுதான் கூப்பிடுது, ஸ்தானாவோட பிள்ளைங்கன்னு."

"பொம்பள பேர்ல குடும்பமா? த்தூ! வெக்கமா இல்ல?"

"நீங்க வெச்ச பேர்தானேப்பா," என்றபடி கதவில் கை வைத்தாள். "நல்லாவே பலிச்சிடுச்சு. உங்க வம்சம் நின்னுபோச்சு."