ஒன்றரைச் சுற்று

அந்த வருடம் நான் பதினான்கு முறை ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். இந்தக் கணக்கு எனக்கு ஏன் தெரியும் என்றால், எனக்கு முன்னால் ஊரே அதை எண்ணி வைத்திருந்தது.

பைன் ரிட்ஜ் டிராக்கில் பதினோரு வருடமாகக் கால் மைல் பந்தயம் ஓட்டுகிறேன், இரண்டு வண்டி பக்கத்துப் பக்கத்து லேனில் நேர்கோட்டில் பாய்வது. வண்டியைக் கட்டுவது என் கணவன் வெண்டல், ஓட்டுவது நான். வார நாளில் பள்ளிக்கூட பஸ், சனிக்கிழமை எழுநூறு குதிரைசக்தி நீல வண்டி. இதில் யாருக்காவது வயிற்றெரிச்சல் இருந்தால் அது அவர்கள் பாடு என்று இருந்தவள் நான்.

அந்தக் குளிர்காலத்தில் வெண்டல் வண்டியின் பின்பாகத்தை முழுக்கப் பிரித்துப் புதிதாகக் கட்டினான். பின் அச்சையும் வண்டியின் உடலையும் இணைக்க ஒரு குறுக்குக் கம்பியும் போட்டான். கிளம்பும்போது அத்தனை சக்தியும் பின்சக்கரம் இரண்டுக்கும்தான் போகிறது. இரண்டும் ஒரே மாதிரி அழுந்தினால் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டி நேராகப் பாயும். ஒன்று லேசானால் அது வழுக்கும், வண்டி கோணிக்கொள்ளும். அந்தச் சமத்தைச் சரிபார்க்கக் கம்பியின் ஒரு முனையில் திருகு உண்டு. ஓட்டுபவரின் இருக்கை இடது பக்கம் என்பதால், அவர் அதில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அதைத் திருக வேண்டும். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அதை முடித்துவிட்டதாக வெண்டல் சொன்னான். நான் அன்று பஸ்ஸில் இருந்தேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஏப்ரலில் முதல் ஓட்டம். பச்சை விளக்கு எரிந்தது, மிதித்தேன். அறுபது அடி தாண்டுவதற்குள் இடது டயர் வழுக்கி, வண்டி இடது பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பியது. காலை எடுத்தேன். எடுக்காவிட்டால் சுவர்தான்.

அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும் அதேதான். வெண்டல் டயரில் காற்றைக் குறைத்தான், கூட்டினான், ஸ்பிரிங்கை மாற்றினான், கிளம்பும் வேகத்தை மாற்றினான். அந்தத் திருகை மட்டும் தொடவில்லை. அதுதான் கச்சிதமாக வைத்தாயிற்றே.

ஜூன் மாதம் வண்டி ஏற்றி வரும் டிரெய்லரின் நிழலில் உட்கார்ந்து ஹாட்டாக் தின்றுகொண்டிருந்தபோது அவன் முதல்முறையாக வாயை விட்டான்.

"ஒனக்குக் காலு பதறுது, ரோண்டா."

"வண்டி சொவத்துக்குப் போவுதுய்யா."

"நீ பயந்து எடுக்கிற. எடுக்கிறதாலதான் கோணுது."

"எனக்கா பயம்? நாப்பது பிள்ளைங்களப் பனியில ஏத்திட்டுப் போறவ நான்."

"அது பஸ்ஸு," என்றான். ஹாட்டாக்கில் கடுகுச் சாஸ் தடவுவதில் கவனமாக இருந்தான்.

மைக் பிடிக்கும் கிளைடுக்குச் சொல்லவே வேண்டாம். டிராக் ஓரத்து அறிவிப்புக் கோபுரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவிப்பான். "ரோண்டா மறுபடியும் காலை எடுத்துட்டாங்க. வீட்ல அடுப்ப அணைக்காம வந்துட்டாங்க போலிருக்கு." பெஞ்சு வரிசை முழுக்கச் சிரிக்கும். என் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்களும் அதில் இருப்பார்கள்.

கேலியைக்கூட மன்னிக்கலாம். நானே அதை நம்ப ஆரம்பித்தேன், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சிக்னலில் பஸ் நிற்கும்போது குனிந்து என் வலது காலைப் பார்ப்பேன். நாற்பத்தெட்டு வயதில் இந்தக் கால் கோழையாகிவிட்டதா என்று கேட்பேன். ஆகஸ்டில் நானே வெண்டலிடம் போய், வேறு யாரையாவது ஏற்றிக்கொள் என்றேன். அவன் ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏறியது ராய்ஸ். கிணறு தோண்டுகிறவன், எங்கள் வண்டிக் கொட்டகைக்கு எப்போதும் ஒத்தாசைக்கு வருகிறவன், கதவளவு ஆள். முதல் ஓட்டத்திலேயே வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. "வண்டியில கோளாறே இல்லைங்க, ஓட்டுனவங்ககிட்டதான் இருந்திருக்கு," என்றான் கிளைடு. நானும் கை தட்டினேன். தட்டாமல் என்ன செய்ய?

செப்டம்பர் இறுதிப் போட்டிக்கு முந்தின ஞாயிறு. கொட்டகையில் நாலு சக்கரத்துக்கும் கீழே எடைப்பலகை வைத்து, ராய்ஸை ஏற்றி உட்கார வைத்தார்கள். நான் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்டல் எண்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஒண்ணும் தொட வேணாம் ராய்ஸ். நீயும் நானும் ஒரே எடை. பிப்ரவரியில வச்சது அப்படியே நிக்குது."

"பின்ன? கீழ படுத்துத் திருகுனவன் நான்ல," என்றான் ராய்ஸ்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. ராய்ஸ் கிளம்பி, அவன் லாரி சத்தம் அடங்கியதும் கேட்டேன்.

"பிப்ரவரியில சீட்ல ஒக்காந்தது யாரு?"

வெண்டல் எடைப்பலகையை மடித்துக்கொண்டிருந்தான். "நான்தான். நீ பஸ்ஸுல இருந்தல்ல."

"ஒன் எடை இருநூத்தி இருபத்தெட்டு பவுண்டு. என் எடை நூத்தி நாப்பது."

"அப்பறமா ஒன்ன வச்சு ஒரு தடவ பாக்கணும்னு இருந்தேன். மறந்துபோச்சு."

"இது ஒனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

மடித்த பலகையைச் சுவரில் சாய்த்தான். "ராய்ஸு மொத தடவ நேரா போனான்ல, அப்ப."

ஆகஸ்ட் முழுக்க அவனுக்குத் தெரியும். நான் கை தட்டியதை அவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

நான் ஒன்றும் உடைக்கவில்லை. உடைத்திருக்க வேண்டும். சீட்டில் ஏறி உட்கார்ந்து, "இப்ப எனக்கு வச்சுக் காட்டு," என்றேன். பலகைகளை மறுபடியும் சக்கரங்களுக்கு அடியில் வைத்துவிட்டுக் கீழே படுத்தான். ஸ்பேனர் சத்தம் கேட்டது. "ஒண்ணரைச் சுத்து," என்றான், மெதுவாக. ஒரு முழு வருடம், பதினான்கு ஓட்டம், என் பெயர், எல்லாம் ஒன்றரைச் சுற்றில் இருந்திருக்கிறது. பிறகு ராய்ஸுக்காக அதைத் திரும்பப் பழையபடி வைத்தான்.

"சனிக்கிழமை எல்லாரு முன்னாடியும் சொல்லிர்றேன்," என்றான். "சத்தியமா."

சனிக்கிழமை காலை ஓட்டுநர் கூட்டம். கோபுரத்தடியில் அறுபது எழுபது பேர். கிளைடு மைக்கை வெண்டல் முன் நீட்டினான். "சொல்லுங்க வெண்டல், வண்டி எப்படித் திருந்துச்சு?"

வெண்டல் என்னைப் பார்த்தான். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தான். "நல்ல கை கெடச்சா வண்டி தானா திருந்தும்," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அங்கேயே கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால், தோற்றவள் சாக்கு சொல்கிறாள் என்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நாலு மணிக்கு இறுதி ஓட்டம். அதற்கு முன் வெண்டலும் ராய்ஸும், டயர் பிடிப்புக்காகத் தடத்தில் தெளித்த பிசின் எப்படி ஒட்டுகிறது என்று பார்க்கப் போனார்கள். நான் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போனேன். ஒன்றரைச் சுற்று. வண்டியை நான் கெடுக்கவில்லை, பிப்ரவரியில் எனக்கு எப்படி வைத்திருக்க வேண்டுமோ அப்படி வைத்தேன். ராய்ஸ் சுவரில் மோதிவிட்டால்? அதையும் யோசித்தேன், யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பதினான்கு முறை நான் மோதவில்லை. மூளை இருக்கிற எவனும் காலை எடுப்பான். அவன் எடுப்பதை அவர்கள் பார்க்க வேண்டும். அவன் வீட்டு அடுப்பைப் பற்றிக் கிளைடு கேட்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பச்சை விளக்கு. முன்சக்கரம் எழும்பியது, அறுபது அடியில் வலது டயர் வழுக்கியது, வண்டி வலது பக்கச் சுவரை நோக்கித் திரும்பியது. ராய்ஸ் காலை எடுத்தான். பக்கத்து லேன்காரன் தாண்டிப் போய் ஜெயித்தான். பெஞ்சு வரிசையில் சத்தமே இல்லை. நான் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அடடா," என்றான் கிளைடு. "வலது லேன்ல பிசின் சரியா ஒட்டலை போலிருக்கு. ராய்ஸ் சரியான நேரத்துல காலை எடுத்து வண்டியக் காப்பாத்திட்டாரு. அனுபவம்னா இதாங்க அனுபவம்."

கைதட்டல் ஆரம்பித்தது. என் பதினான்குக்கும் சேர்த்துத் தட்டின மாதிரி இருந்தது. ஆகஸ்டில் ஏறியவனின் அனுபவத்துக்காக ஆட்கள் எழுந்து நின்றே தட்டினார்கள்.

வண்டி திரும்பி வந்ததும் வெண்டல் அடியில் புகுந்து பார்த்தான். வெளியே வந்து என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டான். அதற்குள் நாலைந்து பேர் ராய்ஸின் கையைக் குலுக்க வந்துவிட்டார்கள். கிளைடு கோபுரத்திலிருந்து இறங்கியே வந்தான். ராய்ஸின் முதுகில் தட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, ஆறுதலாகத்தான் சொன்னான்.

"நல்லவேளை ரோண்டா, இன்னிக்கு உள்ள நீ இல்ல. இருந்திருந்தா நேரா சொவத்துலதான் கொண்டுபோயி வுட்டிருப்ப."